செப்புத் தகட்டில் பொன்னாலைப் பாலம்

அன்று பின்னேரம் த பேசின் என்ற மலையடி ஊரில் விக்னராஜா வீட்டுப் பின்வளவுக் கொட்டகைக்குள் இருந்தவர்கள்:

விக்னராஜா. கொட்டகைக்குச் சொந்தக்காரர். பழைய ஐரோப்பிய வரைபடங்களை வாங்கி விற்பவர்.

கதிர்காமநாதன். கொங்கிறீற் கம்பனி முதலாளி. விக்னராஜாவிடம் ஒரு வரைபடம் வாங்கியவர்.

சேகர். கதிர்காமநாதனுடைய மனைவியின் தம்பி. எதையும் வாங்கவுமில்லை, விற்கவுமில்லை. பிடிக்கவும் அடிக்கவும் வந்தவன்.

மயூரதன். அந்த வரைபடத்தைச் செப்பில் வெட்டியவன்.

விக்னராஜாவின் மனைவி சத்தியபாமாவும் கொஞ்ச நேரம் இருந்தாள். தேநீர்த் தட்டைக் கொண்டுவந்து வைத்தாள், எல்லோருடைய முகத்தையும் ஒரு தடவை பார்த்தாள், வீட்டுக்குள் போய் டீவியின் சத்தத்தைக் கூட்டினாள். யார் வந்து கேட்டாலும் தான் அங்கே இருந்ததாக அவள் சொல்லப்போவதில்லை. ஆகவே அவளை விட்டுவிடலாம்.

மயூரதனுக்கு வரும்போது ஒன்றும் தெரியாது. "அச்சு மிசின்ர உருளைக் கம்பளி கிழிஞ்சு போச்சு, ஒருக்கா வந்து பாரன்" என்று விக்னராஜா காலையில் போனில் சொல்லியிருந்தார். டண்டினோங்கில், விளையாட்டுக் கிளப்புகளின் வெற்றிக் கிண்ணங்களில் பெயர் வெட்டும் கடையில் அவனுக்கு வேலை. சனிக்கிழமை அரைநாள். முடிந்ததும் பஸ் ஏறி வந்துவிட்டான். வளவுக்குள் பின்தட்டுத் திறந்த பெரிய யூட் வாகனம் ஒன்று நின்றது, சில்லுகளில் காய்ந்த சீமெந்து. யாரோ படம் வாங்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்தபடிதான் கொட்டகைக்குள் காலை வைத்தான். வைத்ததும் சேகர் கதவடிக்குப் போய் நின்றுகொண்டான்.

கதிர்காமநாதன் கதிரையில் இருந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். மேசையில் வரைபடம் கிடந்தது. சட்டம் கழற்றப்பட்டு, கண்ணாடி ஒரு பக்கம் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது.

"இவனோ ஆள்?" என்று கேட்டார்.

விக்னராஜா தரையைப் பார்த்தார். உதட்டோரம் ஏற்கனவே வீங்கியிருந்தது.

"வா தம்பி. தேத்தண்ணி குடிக்கிறியோ? அக்கா இஞ்சி போட்டிருக்கிறா. அந்த மாதிரி இருக்கு" என்றார் கதிர்காமநாதன்.

"வேண்டாம் அண்ணை."

"குடி. பிறகு குடிக்க ஏலாது."

சேகர் சிரித்தான்.

அந்த வரைபடத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைப் பிடித்து வைத்திருந்த காலத்தில் ஆம்ஸ்டர்டாமில் அச்சான படம் என்று சொல்லித்தான் விக்னராஜா அதை விற்றார். தீவுகளுக்கெல்லாம் ஒல்லாந்தர் தங்கள் ஊர்களின் பெயர்களை வைத்தார்கள். நெடுந்தீவு டெல்ப்ட். வேலணை லைடன். காரைதீவு, அதாவது இப்போதைய காரைநகர், ஆம்ஸ்டர்டாம். படத்தின் மூலையில் ஒரு கப்பல், ஒரு யானை, கையில் முத்துச்சிப்பி வைத்திருக்கும் கொழுத்த குழந்தைகள் இரண்டு. கதிர்காமநாதன் காரைநகர். விக்னராஜாவும் காரைநகர். மயூரதனும் காரைநகர்தான். வேறு ஊரான் ஒருவனாவது இடையில் இருந்திருந்தால் இந்தக் கதை நடந்திராது.

உண்மையான படம் ஒன்று இருந்தது. பாதி எரிந்த ஒரு பழைய புத்தகத்தின் நடுப்பக்கம். தீவுப்பகுதி மட்டும்தான் ஒழுங்காகத் தெரிந்தது. விக்னராஜா அதை மயூரதனிடம் கொடுத்துச் செப்புத் தகட்டில் திருப்பி வெட்டச் சொன்னார். விற்பனைக்கு உதவாத பழைய ஒல்லாந்து வேதப் புத்தகங்களை வாங்கி, அவற்றின் வெற்றுத் தாள்களை வெட்டி எடுத்தார். மையைக் கொஞ்சம் மண்ணிறமாகக் கலந்தார். பெரிய உருளைகள் வைத்த ஒரு கை அச்சுப் பொறியைப் பலராட்டில் மூடப்பட்ட ஒரு கலைப் பள்ளியிலிருந்து ஏற்றி வந்தார். இரும்புப் படுக்கை, மேலும் கீழும் உருளை, பக்கத்தில் கப்பல் சுக்கான் மாதிரி ஒரு சில்லு. சில்லைச் சுற்றினால் படுக்கை உருளைகளுக்கு நடுவால் போகும். தாள் வெளியே வரும்போது தகட்டின் விளிம்பு அதில் பள்ளமாகப் பதிந்திருக்கும். அந்தப் பள்ளத்தை விரலால் தடவிப் பார்த்துத்தான் ஆட்கள் காசு கொடுப்பார்கள்.

"எனக்குக் காசு வேண்டாம்" என்றார் கதிர்காமநாதன். கோப்பையை வைத்தார். "அதை முதல்ல விளங்கிக்கொள்ளு. போன கிழமை மண்டபத்தில கண்காட்சி. என்ர மகளைக் கட்டப்போற வீட்டாக்கள் முன்வரிசையில. நான் மைக்கைப் பிடிச்சு, இதுதான் எங்கட ஊர், வெள்ளைக்காரன் இந்த நாட்டைக் கண்டுபிடிக்க முந்தியே எங்கட ஊருக்கு மப் இருந்ததெண்டு சொல்லிக்கொண்டு நிக்கிறன். நூலகத்தில இருந்து கூப்பிட்ட வெள்ளைக்காரி ஒருத்தி வந்து குனிஞ்சு பார்க்கிறாள். பார்த்துப்போட்டு என்னட்டை ஒரு கேள்வி கேட்டாள். என்ன கேட்டவள் தெரியுமோ?"

மயூரதன் மேசையில் கிடந்த படத்தைப் பார்த்தான்.

"இது என்னெண்டு கேட்டாள்." அவர் எழுந்து வந்து மயூரதனின் பிடரியைப் பிடித்து, முகத்தைப் படத்தோடு அழுத்தினார். மூக்கு மேசைப் பலகையில் அடிபட்டது. "நீயே பார்த்துச் சொல்லு. என்ன அது?"

மூக்கிலிருந்து இரத்தம் டெல்ப்ட்டின் மேல் சொட்டியது. அதற்குக் கொஞ்சம் மேலே, பெருநிலத்துக்கும் ஆம்ஸ்டர்டாமுக்கும் நடுவில், கடலுக்குக் குறுக்காக இரண்டு மெல்லிய கோடுகள் அருகருகே ஓடின.

"பாலம்" என்றான் மயூரதன்.

"என்ன பாலம்?"

"பொன்னாலைப் பாலம்."

"அதை ஆர் கட்டினது?"

அவனுக்கு அந்தக் கணத்தில்தான் விளங்கியது. பொன்னாலைப் பாலம் இங்கிலீசுக்காரன் காலத்தில் போட்டது. ஒல்லாந்தன் போய்த் தொலைந்து எத்தனையோ காலத்துக்குப் பிறகு. எரிந்த அந்தப் பழைய தாளில் அந்த இடத்தில் வெறும் புள்ளிகள்தான் இருந்தன. ஆழமில்லாத கடலைக் காட்டும் புள்ளிகள்.

செப்பில் எல்லாவற்றையும் கண்ணாடியில் தெரிவதுபோல இடம் வலம் மாற்றி வெட்டவேண்டும். அப்படி மாறின ஊரில் அவனுக்கு வழி தெரியவில்லை. கிழக்கு மேற்காகிவிட்டது. கடற்கோட்டை தவறான பக்கத்தில் கிடந்தது. எந்தக் கரை எதுவென்று பிடிபடாமல், முதலில் பாலத்தை மட்டும் ஊசியால் லேசாகக் கீறிக்கொண்டான். சின்ன வயதில் சைக்கிள் ஓடின பாதை அது. அதைக் கீறியதும் மற்ற எல்லாம் தத்தம் இடத்தில் வந்து உட்கார்ந்தன. வழிக்கோடுகளை வேலை முடிய உருக்குக் கம்பியால் தேய்த்து அழித்துவிடுவது வழக்கம். மற்றவற்றை அழித்தான். பாலத்தை அழிக்கவில்லை. முதல் தாள் அச்சானபோது அது பிழையாகத் தெரியவேயில்லை. விக்னராஜாவும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார், அவருக்கும் தெரியவில்லை. கதிர்காமநாதன் வீட்டுச் சுவரில் அது எத்தனையோ மாதம் தொங்கியது. வந்து போன காரைநகர் ஆட்கள் எல்லோரும் அதன்மேல் விரல் வைத்து, "இதால போய், இஞ்சால திரும்பினா எங்கட வீடு" என்று காட்டியிருக்கிறார்கள்.

"மண்டபமே சிரிச்சது" என்றார் கதிர்காமநாதன். "சம்பந்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரிச்சவர். நான் பார்த்தனான்."

"கதிர், நான் சொல்லுறதைக் கேளும்" என்றார் விக்னராஜா. குரல் நடுங்கினாலும் வியாபாரிக் குரல்தான். "இவன் கொண்டுவந்து தந்தவன். பழைய படமெண்டு எனக்கே வித்தவன். நானும் உம்மை மாதிரி ஏமாந்தனான்."

மயூரதன் தலையைத் திருப்பி அவரைப் பார்த்தான். அவனுடைய விசா விசயமாக வழக்கறிஞருக்கு நற்சான்றுக் கடிதம் எழுதிக் கொடுத்தவர். படகில் வந்து இத்தனை வருடத்துக்குப் பிறகும் அவனிடம் இருப்பது தற்காலிக விசாதான், ஒரு பொலிஸ் வழக்கு விழுந்தால் அதுவும் போய்விடும். அது இந்தக் கொட்டகைக்குள் இருந்த எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் அவன் கத்தவில்லை.

"அப்ப இந்த மிசின் என்னத்துக்கு?" கதிர்காமநாதன் அச்சுப் பொறியின் சில்லைத் தட்டினார். "சப்பாத்தி உருட்டவோ?"

விக்னராஜா வீங்கிய உதட்டைக் கையால் தடவினார்.

"சேகர். தம்பியை இஞ்ச கொண்டு வா."

மயூரதன் எதிர்க்காமல் இல்லை. மேசையில் கிடந்த செதுக்குளியை எடுத்துப் பின்னால் குத்தினான். அது சேகரின் முன்கையில் இறங்கியது. சேகர் அதைப் பிடுங்கி எறிந்தான், பிறகு அவனுடைய விலாவில் முழங்காலால் ஏற்றினான். ஏதோ ஒன்று உள்ளே முறிந்தது. மூச்சு எடுக்க முடியாமல் அவன் மடிந்தபோது தலைமயிரைப் பிடித்து இழுத்துப் போய்ப் பொறியின் படுக்கையோடு சாத்தினான். தன் கையிலிருந்து வழிந்த இரத்தத்தை மயூரதனின் சட்டையிலேயே துடைத்தான்.

"அத்தான், இவன் துள்ளுறான்."

"துள்ளட்டும். எந்தக் கையால வெட்டுறனீ?"

மயூரதனிடம் இருந்தது அந்தக் கை ஒன்றுதான். காணி இல்லை, படிப்பு இல்லை, நிரந்தர விசா இல்லை. வலது கை இருக்கும்வரை கிண்ணத்தில் பெயர் வெட்டிச் சாப்பிடலாம். அது போனால் அவனை ஒரு கடையும் வைத்திருக்காது.

"இடது" என்றான்.

"நான் இடதுகைக்காரன்" என்று மறுபடியும் சொன்னான், கேட்காமலே. அதுதான் பிழை.

கதிர்காமநாதன் விக்னராஜாவைத் திரும்பிப் பார்த்தார். "ஓமோ?"

விக்னராஜா யோசிக்கவில்லை. "பொய். வலது."

"சரி. பொய் சொன்னதுக்கு முதல்ல இடது."

சேகர் மேல் உருளையின் திருகைத் தளர்த்தினான். கொங்கிறீற் வேலை செய்தவனுக்கு இயந்திரம் எதுவும் புதிதில்லை. மயூரதனின் இடது கையை விரித்துப் படுக்கையில் வைத்து, கம்பளியை ஒழுங்காக மேலே மூடினான், தாளுக்கு மூடுவதைப் போல. பிறகு திருகை இறுக்கினான். கதிர்காமநாதன் சில்லைப் பிடித்தார்.

விரல் நுனிகள் முதலில் போயின. நகங்கள் கம்பளிக்குள் வெடிப்பது அவனுக்குக் கேட்டது. பிறகு மூட்டுகள். அவன் அலறினான். வீட்டுக்குள் டீவியின் சத்தம் இன்னும் கூடியது. யாரோ பாட்டுப் போட்டியில் வென்றுவிட்டார்கள், கைதட்டல். உருளை விரல்களின் அடிமூட்டுக்கு வந்தபோது கதிர்காமநாதன் சில்லை எதிர்ப்பக்கம் சுற்றினார். கை திரும்பி வந்தது. கம்பளி ஊறிப்போயிருந்தது.

"மற்றதை வை."

சேகர் வலது மணிக்கட்டைப் பிடித்தான்.

"அண்ணை, நிப்பாட்டுங்கோ. ஒரு விசயம் சொல்லுறன்." மயூரதனின் வாயில் எச்சிலும் இரத்தமும் நூலாக இழுபட்டன. "உங்களுக்கு மட்டும் அடிக்கேல்ல."

"என்ன?"

"மப். உங்களுக்கு மட்டும் அடிக்கேல்ல. தாள் முடியுமட்டும் அடிச்சனாங்கள்."

"டேய்!" என்றார் விக்னராஜா.

கதிர்காமநாதனின் முகம் அசையவில்லை. "இவர் எனக்குச் சத்தியம் பண்ணினவர். இஞ்ச பக்கத்தில, பேசின் பிள்ளையாருக்கு முன்னால. உலகத்தில மிஞ்சினது இது ஒண்டுதானெண்டு கற்பூரம் அடிச்சவர்."

"சிட்னியில யோகேஸ்வரன் அண்ணை வீட்டிலயும் இருக்கு. நான்தான் சுருட்டிக் குழாய்க்குள்ள வைச்சனான். விலாசம் எழுதினதும் நான்தான். வென்ட்வேர்த்வில்."

இதைச் சொல்லும்போது என்ன செய்கிறோம் என்று மயூரதனுக்கு நன்றாகத் தெரிந்தது. யோகேஸ்வரன் கதிர்காமநாதனுக்கு ஒன்றுவிட்ட சகோதரன். ஊரில் வேலிக்குத் தொடங்கின சண்டை, இங்கே கோயில் திருவிழாவில் யார் பெயர் முதலில் வாசிப்பது என்பதுவரை வந்திருந்தது. கதிர்காமநாதன் அந்தப் படத்தை வாங்கியதே யோகேஸ்வரனிடம் இல்லை என்பதற்காகத்தான்.

அவர் போனை எடுத்தார். யோகேஸ்வரனை வீடியோவிலேயே அழைத்தார். திரையில் யோகேஸ்வரனின் நெற்றி வந்தது, பிறகு முழு முகம்.

"அடேயப்பா, கதிர்! என்ன புதினம்? ஆர் செத்தது?"

"ஒருத்தரும் சாகேல்ல. உன்ர ஹோலில ஒரு பழைய மப் இருக்காமே."

"ஆர் சொன்னது? ஒருத்தருக்கும் காட்டவேண்டாமெண்டு விக்னர் சொன்னவர். களவெடுத்துப் போடுவாங்களாம்." ஆனால் அவருடைய முகம் மலர்ந்துவிட்டது. காட்டாமல் இருந்தது அவரை எவ்வளவு வருத்தியிருக்கிறது என்று தெரிந்தது. "சரி, நீதானே. பார்த்து வயிறெரி." திரை ஆடியது. சுவர், தங்கச் சட்டம், யானை, கொழுத்த குழந்தைகள். "இஞ்ச பார், கடற்கோட்டை. உலகத்தில ஒண்டுதான் இருக்கு, தெரியுமே? இஞ்ச பார், எங்கட பாலம். ஒல்லாந்தன் எவ்வளவு வடிவாப் போட்டிருக்கிறான்!"

சேகர் வெடித்துச் சிரித்தான். கதிர்காமநாதன் அவனைப் பார்த்ததும் சிரிப்பை விழுங்கினான்.

"வடிவாத்தான் இருக்கு" என்றார் கதிர்காமநாதன். போனை நிறுத்திச் சட்டைப்பைக்குள் போட்டார்.

விக்னராஜா பேசத் தொடங்கினார். நிறுத்தவே இல்லை. "வியாபாரம் கதிர். இதைக் கண்டுபிடிச்சது நானில்ல. ஆம்ஸ்டர்டாமிலயும் இதுதான் நடந்தது. ஹொந்தியுஸ் எண்டவன் வெட்டின மப் தகடுகளைப் பிளேயு எண்டவன் வாங்கிப்போட்டு, அவன்ர பேரைச் சுரண்டிப்போட்டுத் தன்ர பேரை வெட்டி வித்தவன். இண்டைக்கு அதுகளை மியூசியத்தில வைச்சிருக்கிறாங்கள். ஆர் அவங்களைக் கேட்டது? ஒரு தகட்டில எத்தினை தாளும் அடிக்கலாம், தகடு அதுக்குத்தானே..."

"ஆம்ஸ்டர்டாம்காரன் ஒருத்தன் வந்து கேட்டிருக்கமாட்டான்" என்றார் கதிர்காமநாதன். "நான் கேக்கிறன். என்ர ஊரும் ஆம்ஸ்டர்டாம்தானே. நீர்தானே அப்பிடிச் சொல்லி வித்தனீர்."

சேகருக்குச் சொல்லவேண்டியிருக்கவில்லை. அவன் மயூரதனை விட்டுவிட்டு விக்னராஜாவிடம் போனான். அவர் பெரிய உடம்புக்காரர், ஆனால் அந்த உடம்பால் அவருக்கு ஒரு பிரயோசனமும் இருக்கவில்லை. வயிற்றில் விழுந்த முதல் குத்துக்கே முழங்காலில் விழுந்தார். சேகர் அவரைக் கொலரில் பிடித்து இழுத்து வந்தான். செருப்பு ஒன்று வழியில் கழன்று கிடந்தது. இரண்டு கைகளையும் ஒன்றாகப் படுக்கையில் வைத்து, மணிக்கட்டுகளின் மேல் தன் உடம்பைச் சாய்த்தான்.

கதிர்காமநாதன் சில்லிலிருந்து விலகி நின்றார். மயூரதனைப் பார்த்தார்.

"நீ சுத்து."

மயூரதன் அசையவில்லை. இடது கையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தான். அதில் எது விரல் எது கம்பளி என்று தெரியவில்லை.

"உன்ர வலது கை உனக்கு வேணுமெண்டால் அதால இந்தச் சில்லைச் சுத்து. இல்லையெண்டால் அதையும் உள்ள வை. எனக்கு இரண்டும் ஒண்டுதான்."

"மயூ" என்றார் விக்னராஜா. கன்னம் இரும்பில் அழுந்திக் கிடந்தது. அந்த நேரத்தில் அவர் கெஞ்சியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று சொல்லமுடியாது. ஆனால் கெஞ்சுவது அவருக்குப் பழக்கமில்லை. "சில்லைத் தொட்டியெண்டால் பார். ஒரு போன் கோல் அடிச்சனெண்டால் காணும், பிளேனில ஏத்தி அனுப்புவாங்கள். உன்ர கடிதம் எழுதினது நான். நான் இல்லையெண்டால் நீ இந்த நாட்டில ஒரு நாய்."

மயூரதன் நடந்து வந்தான். விலா எலும்பு குத்தியதால் சாய்ந்து நடந்தான். வலது கையால் சில்லின் ஒரு ஆரக்காலைப் பிடித்தான். அதன் பாரம் அவனுக்குப் பழக்கம். முதலில் இறுகும், பிறகு வழிவிடும். ஒரே சீராகச் சுற்றவேண்டும், இடையில் நிறுத்தினால் தாளில் கோடு விழும்.

அவன் இடையில் நிறுத்தவில்லை.

விக்னராஜாவின் குரல் முதலில் தூஷணமாக இருந்தது, பிறகு தெய்வத்தின் பெயராக, பிறகு எதுவுமில்லாத ஓசையாக. எலும்புகள் ஒவ்வொன்றாகப் போவது சில்லின் வழியாக மயூரதனின் உள்ளங்கைக்குத் தெரிந்தது. மோதிரம் ஒன்று இருந்தது. அந்த இடத்தில் சில்லு ஒரு முறை எகிறியது. அவன் தோளைக் கொடுத்து அழுத்தினான். அது கடந்து போனது. மணிக்கட்டு வந்ததும் உருளை ஏற மறுத்தது.

"காணும்" என்றார் கதிர்காமநாதன்.

மயூரதன் கையை எடுத்தான். சுருக்கங்களுக்குள் பழைய மை கறுத்துக் கிடந்த உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தான். ஒரு கீறலும் இல்லை. விரல்களை மடக்கினான், விரித்தான். எல்லாம் வேலை செய்தன.

"ஆசுப்பத்திரியில என்ன சொல்லுவாய்?"

"வேலை செய்யேக்க மிசினுக்குள்ள கை போட்டுது."

"தனியத்தானே நிண்டனீ?"

"ஓம் அண்ணை. தனிய."

"கெட்டிக்காரன். போ."

விக்னராஜாவின் கைகள் உருளைகளுக்கு நடுவில் இன்னும் சிக்கியிருந்தன. அவருக்கு நினைவு வந்து போய்க்கொண்டிருந்தது. கண் ஒன்று திறந்து மயூரதனைத் தேடியது. சேகர் படுக்கையிலிருந்து நிமிர்ந்து, கொட்டகையின் மூலையில் அடுக்கியிருந்த பலகைகளில் பாரமான ஒன்றைத் தெரிந்து எடுத்துக்கொண்டிருந்தான். கதிர்காமநாதன் தேநீர்க் கோப்பையைத் தூக்கிப் பார்த்தார், ஆறிப்போய்விட்டது, வைத்துவிட்டார்.

"போட்டு வாறன் அண்ணை" என்றான் மயூரதன். ஒவ்வொரு சனிக்கிழமையும் விக்னராஜாவிடம் அப்படிச் சொல்லித்தான் புறப்படுவான். வாய் தன்பாட்டில் சொல்லிவிட்டது.

அவன் வெளியே காலை வைத்தான். வெயில் இன்னும் இருந்தது. மலைப்பக்கம் மரங்களுக்குள் பறவைகள் கத்தின. அவனுக்குப் பின்னால் கதிர்காமநாதன் கதவைச் சாத்தி, உள்ளேயிருந்து பூட்டினார்.